ஓட்டைக்கேற்ற அடுப்பு

அடுப்புக் கடையில் நடந்த அந்தப் பேச்சு மருமகளுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. மருமகள் என்றால் மகனைக் கட்டியவள் அல்ல. அத்தையின் அண்ணன் மகள். வேலைக்காக அத்தை வீட்டு முன்னறையில் தங்கியிருந்தவள். அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே மாமா எங்கே போனாலும் அவளைச் சாட்சிக்குக் கூட்டிப் போவார்.

கடை குளிரூட்டப்பட்டது. வரிசை வரிசையாக அடுப்புகள் பளபளத்தன. ஒன்றிலும் நெருப்பு இல்லை. மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னே போனார். விற்பனைப் பெண் ஓடி வந்தாள்.

"என்ன மாதிரி பாக்கறீங்க சார்?"

"எல்லா மாதிரியும்."

"மேடை மேல வைக்கிறதா, மேடைக்குள்ள பதிக்கிறதா?"

"ரெண்டுலயும் என்ன குறைன்னு சொல்லுங்க."

விற்பனைப் பெண்ணுக்கு நிறையைச் சொல்லித்தான் பழக்கம். "குறைன்னு பெருசா ஒண்ணும் இல்ல சார்."

"குறை இல்லாத பொருள் உலகத்துல கிடையாது. நீங்க இன்னும் பாக்கலைன்னு அர்த்தம்."

அவள் விடாமல் சிரித்தாள். "சமைக்கிறது யாரு சார்?"

"அது எதுக்கு?"

"எத்தனை பேருக்குச் சமைக்கிறீங்க, பாத்திரம் என்ன அளவுன்னு தெரிஞ்சா..."

"அடுப்பு நல்லா இருந்தா யார் வேணா சமைக்கலாம்."

அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். "ஏம்மா, இதுல ரெண்டு பெரிய பாத்திரம் ஒண்ணை ஒண்ணு இடிக்காம நிக்குமா?"

"எவ்வளவு பெருசுங்கம்மா?"

அத்தை இரண்டு கைகளையும் வளைத்துக் காட்டினாள். அந்த வளைவுக்குள் விற்பனைப் பெண்ணே நின்றுகொள்ளலாம்.

"அப்படின்னா உங்களுக்கு இதெல்லாம் வேணாம்மா. பின்பக்கம் ரெண்டு பர்னர் ஸ்டீல் அடுப்பு இருக்கு, நல்லா அகலமா..."

"அவ சும்மா கேக்கறா," என்றார் மாமா. "நீங்க எனக்குச் சொல்லுங்க. இந்தத் திருகு ஏன் ஆடுது?"

திருகு ஆடவில்லை. அவர் ஆட்டியதால் ஆடியது. விற்பனைப் பெண் அத்தையைப் பார்த்தாள். அத்தை மருமகளைப் பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள். அன்று அவர்கள் எதுவும் வாங்காமல் வீடு திரும்பினார்கள்.

மாமா தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேர்ந்த நாள் முதல் கடைசி நாள் வரை ஒரே மேசை, ஒரே விளக்கு, ஒரே வேலை. வருகிற உதிரிப் பாகத்தை அளவுக் கருவிக்குள் நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழையாவிட்டால் சிவப்புச் சீட்டு. நுழைந்தால் ஒன்றும் இல்லை. அது பேசாமல் அடுத்த மேசைக்குப் போய்விடும். ஆக, வேண்டாம் என்று சொல்ல அவருக்குச் சீட்டு இருந்தது, சம்பளம் இருந்தது, மரியாதையும் இருந்தது. வேண்டும் என்று சொல்ல அவரை யாரும் வேலைக்கு வைத்திருக்கவில்லை. தொழிற்சாலையில் அவருக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். பல வருடம் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிரிவுபசாரத்தன்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார்கள். அவர் அதை ஒரு பட்டம்போல வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்த பிறகு சோதிக்க வீடுதான் மிச்சம். கதவுத் தாழ்ப்பாள், பால் பாக்கெட்டின் ஓரம், எதிர்வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தும் கோணம், எதுவும் தேறவில்லை. கூடத்துச் சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று பார்க்க ஆரம்பித்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. சுவர் முழுக்கப் பட்டை பட்டையாக மாதிரி வண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குறை. புதிதாக வருபவர்கள் அதை நவீன ஓவியம் என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். உங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஒருமுறை மருமகள் கேட்டதற்கு அத்தை சொன்னாள்: "அவரு சரின்னு சொன்னதா யாருக்கும் ஞாபகம் இல்லடி. வேணாம்னு சொல்றதுக்குள்ள நடந்து முடிஞ்சிடுச்சு."

அத்தைக்குத் தனியாக ஒரு தொழில் இருந்தது. பக்கத்து வங்கிக்கும் கண் மருத்துவமனைக்கும் அச்சகத்துக்கும் மதியச் சாப்பாடு செய்து டப்பாவில் அடைத்து அனுப்பினாள். தொழிற்சாலையில் ஒரு கதவடைப்பு வந்த வருடம் வீட்டுச் செலவுக்காக ஆரம்பித்தது. கதவு திறந்த பிறகும் அத்தை நிறுத்தவில்லை. மாமா இதைத் தொழில் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அவ பொழுதுபோக்குக்கு ஏதோ பண்றா," என்பார், அந்தப் பொழுதுபோக்கில் பொங்கிய சோற்றைப் பிசைந்துகொண்டே.

அந்தச் சோறெல்லாம் வெந்தது இரண்டு பர்னர் உள்ள ஒரு பழைய ஸ்டீல் அடுப்பில். அதன் இடது திருகு எப்போதோ உடைந்து, அத்தை அதைக் குறடு வைத்துத்தான் திருப்புவாள். ஒருநாள் குறட்டுக்கும் அடங்காமல் வாயு கசிந்தது. பழுது பார்ப்பவர் வந்து முகர்ந்தார், இடது பர்னருக்குப் போகும் குழாயை அடைத்தார். "இன்னும் ரிப்பேர் பண்ணா எனக்குத்தான் பாவம்மா. சீக்கிரம் மாத்திடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அன்றைக்கே கடைக்குப் போய் வாங்கி வந்திருப்பாள். அவள் செய்த ஒரே தப்பு, சாப்பிடும்போது அதை வாய்விட்டுச் சொன்னது.

"அடுப்பா?" என்று மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணில் வெளிச்சம் வந்தது அதுதான் முதல் தடவை. "அவசரப்படாதே. நான் பாக்கறேன்."

அவர் பார்த்தார். ஊரில் இருந்த கடைகளையெல்லாம் பார்த்தார். ஸ்டீல் அடுப்பில் கறை பிடிக்கும் என்றார். கண்ணாடி அடுப்பு உடையும் என்றார். இண்டக்ஷன் என்கிற மின்காந்த அடுப்பைப் பார்த்துவிட்டு, "நெருப்பே தெரியலையே, தெரியாத நெருப்பை நான் எப்படிச் சோதிக்கிறது?" என்று கேட்டார். அத்தையின் அலுமினியப் பாத்திரங்கள் அதில் சுடவே சுடாது என்று கடைக்காரர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. தான் கண்டுபிடித்த குறையே போதும், அடுத்தவர் கண்டுபிடித்த குறையில் அவருக்கு ருசி இல்லை. மேடையில் பதிக்கும் அடுப்பை மட்டும் உடனே தள்ளவில்லை. அதில் ஓரம், இடுக்கு, இடைவெளி எல்லாம் இருந்தன. சோதிக்கத் தோதான பொருள்.

இந்தப் பக்கம் அத்தை ஒற்றை பர்னரில் திண்டாடினாள். சோறு இறங்கினால்தான் பருப்பு ஏறும். பருப்பு இறங்கினால்தான் காய். டப்பாக்கள் பிந்தின. வங்கிக் காசாளர் போன் செய்து, "அக்கா, நேத்து நாங்க சாப்பிடும்போது டீ நேரம் ஆயிடுச்சு. மேனேஜர் வேற பக்கத்துல புதுசா ஒரு மெஸ் வந்திருக்குன்னு சொல்லிட்டே இருக்காரு," என்றாள். அத்தை போனை வைத்துவிட்டு மாமாவிடம் வந்து நின்றாள்.

"ஏங்க, இன்னும் ஒரு வாரம் இப்படிப் போச்சுன்னா என் சாப்பாட்டுக்காரங்க ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. ஏதாவது ஒண்ணு வாங்குங்க."

"ஏதாவது ஒண்ணா? பம்பு கம்பெனியில அப்படிப் பேசினா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"இங்க என் சீட்டுதான் கிழியுது."

"உனக்காகத்தானே பாக்கறேன்!"

இது பொய் இல்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். வெயிலில் கடை கடையாக அலைந்து வந்து, வீங்கிய காலை நீட்டிப் போட்டு உட்காரும்போது, அவர் முகத்தில் ஒரு தியாகியின் களை இருக்கும். பசித்தவன் வாசலில் நிற்க, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பவரின் களை.

கடைசியில் அவரை வாங்க வைத்தது அந்த முதல் கடையின் விற்பனைப் பெண்தான். திரும்பத் திரும்பப் போனதில் அவளுக்கு ஆளின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. நான்கு பர்னர் வைத்த, மேடையில் பதிக்கும் அடுப்பொன்றின் முன் அவர் குனிந்தபோது அவள் சொன்னாள்: "இது உங்களுக்குச் சரிப்படாது சார். விட்டுடுங்க."

மாமா நிமிர்ந்தார். "யார் சொன்னது சரிப்படாதுன்னு?"

"இல்ல சார், நீங்க பாக்கற தரத்துக்கு..."

"தரத்தைப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா? இதையே போடுங்க பில்லு!"

ஒன்றை வேண்டும் என்று சொல்ல அவருக்கு வராது. ஆனால் இன்னொருவர் சொல்லும் 'வேண்டாம்' என்பதை வேண்டாம் என்று தள்ள நன்றாகவே வந்தது. மருமகள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அவள் பில் எழுதுவதில் மும்முரமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுப்பு வீட்டுக்கு வருவதற்கு முன்பே மேடையில் துளை போட வேண்டும் என்றார் மாமா. இதில்தான் அவருடைய தொழில்முறை முழுசாக வெளிப்பட்டது. முதலில் அளவுக் கருவி, பிறகு பொருள். துளை சரியாக இருந்தால் அடுப்பு சரியா தப்பா என்று அதுவே சொல்லிவிடும். கடையில் கொடுத்த தாளில் இரண்டு அளவுகள் இருந்தன. மேலே தெரியும் கண்ணாடியின் அளவு ஒன்று. கல்லில் வெட்ட வேண்டிய துளையின் அளவு ஒன்று. துளை கண்ணாடியைவிடச் சிறியது. அப்படி இருந்தால்தான் கண்ணாடியின் விளிம்பு கல்லின் மேல் உட்காரும், அடுப்பும் நிற்கும்.

மாமா தாளைப் பார்த்தார். சிரித்தார். "பாத்தியா இவங்க சோம்பேறித்தனத்தை? துளையைச் சின்னதா வெட்டி, அதுமேல கண்ணாடியைப் போத்தி மூடிடறாங்க. அந்த ஓரத்துல அழுக்குச் சேரும். எறும்பு போகும். துளையும் கண்ணாடியும் ஒரே அளவு இருக்கணும். ஒரு நூல் இடைவெளி கூடாது. கல்லோட கல்லா உக்காரணும்."

"அப்ப எதுமேல உக்காரும் மாமா?" என்று மருமகள் கேட்டாள். அவள் பேசியதே அபூர்வம்.

"துல்லியமா வெட்டினா பிடிச்சு நிக்கும். நீ காப்பீட்டு ஆபீஸ்ல வேலை பாக்கற. உனக்கு இது புரியாது."

கல் வெட்டுபவர் வந்தார். கோடு கோணல் என்று அவரை அழித்து அழித்து வரைய வைத்தார் மாமா. கடைசியில் கல் வெட்டுபவரும் வெறுத்துப்போய், காட்டிய கோட்டில் இயந்திரத்தை ஓட்டினார். வீடெங்கும் கருங்கல் மாவு. அத்தையின் உலையில், மருமகளின் அலுவலகப் பையில், மாமாவின் புருவத்தில் எல்லாம் படிந்தது. துளை மட்டும் அழகாக வந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மாமா அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர் அகராதியில் அது பாராட்டு.

அடுப்பைப் பொருத்த ஆள் வருவதாகச் சொன்ன அன்று காலையில், மாமா பழைய அடுப்பை இரும்புக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். "பழசு கண்ணுல பட்டுட்டே இருந்தா புதுசுக்கு மதிப்பு இருக்காது." அத்தை அப்போது அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். பொருத்துபவர் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார், புது அடுப்பிலேயே அன்றைய சாப்பாடு என்று அவளையும் நம்ப வைத்திருந்தார்.

பொருத்துபவர் வந்தார். பெட்டியைப் பிரித்தார். அடுப்பை இரண்டு கையாலும் தூக்கித் துளைக்கு மேல் பிடித்து, மெதுவாக இறக்கினார். அது இறங்கியது. இன்னும் இறங்கியது. அவர் முழங்கை வரைக்கும் துளைக்குள் போனது.

"சார், இது நிக்கல."

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க. பிடிக்கும்."

"இன்னும் இறக்கினா கீழ பாத்திர அலமாரிக்குப் போயிடும் சார்."

"ஆட்டாம இறக்குங்க!"

"சார், எனக்குக் கை வலிக்குது."

மாமா குனிந்து அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே, தட்டுகளுக்கு மேலே, புத்தம்புதிய அடுப்பின் வயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை களைந்த அரிசியை இடுப்பில் வைத்தபடி பார்த்தாள்.

"அங்கேயே இருக்கட்டுங்க," என்றாள். "எறும்பு போகாது."

பொருத்துபவருக்குச் சிரிப்பு வந்து, அடுப்பு நழுவப் பார்த்தது. மாமா நிமிர்ந்து, தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னார்: "அடுப்பு சின்னது. அளவு பிழை. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

பொருத்துபவர் வாதாடவில்லை. அடுப்பை மேலே இழுத்து, பெட்டியில் போட்டு, தூக்கிக்கொண்டு போய்விட்டார். சமையலறையில் மிஞ்சியது ஒரு துளை. அழகான, நாலு மூலையும் சரியான, ஒரு வீட்டுக்குத் தேவையே இல்லாத துளை. ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கூடம் நேர்தான், ஆளைத்தான் நிமிர்த்த முடியவில்லை. மாமா உடனே கடைக்குப் போன் செய்து கண்ணாடி உற்பத்தியில் தரம் குறைந்துவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அத்தை அந்தத் துளையைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மாமா பதில் சொல்லியிருப்பார், அது மதியம் வரை போயிருக்கும். அவள் மருமகளிடம், "பருப்புச் சட்டியை நீ எடுத்துக்க. ஆபீசுக்கு லேட்டா வரேன்னு சொல்லிடு," என்றாள். அரிசிப் பாத்திரத்தை அவளே தூக்கிக்கொண்டாள். இருவரும் தெருவைக் கடந்து தையற்கடைக்குப் போனார்கள். கடை வைத்திருந்த தையல்காரி அத்தைக்குப் பழக்கம். பின்னறையில் துணிக்குச் சாயம் காய்ச்ச அகலமான ஒரு தரை அடுப்பு வைத்திருந்தாள். சாயம் நின்றுபோய், அடுப்பு சும்மா கிடந்தது.

"இதைக் கொஞ்சம் பத்த வச்சுக்கட்டா?" என்று அத்தை கேட்டாள்.

"என்ன அக்கா, கேள்வி? உங்க வீட்டுப் புது அடுப்பு என்னாச்சு?"

"உள்ள போயிடுச்சு."

தையல்காரி மேலே கேட்கவில்லை. கேட்கவேண்டிய கதை என்று தெரிந்து, வேலை முடிந்ததும் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டாள். அத்தை அடுப்பைத் தேய்த்துக் கழுவி, இரண்டு பெரிய பாத்திரத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றினாள். ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு, அன்று வங்கியில் சாப்பாட்டு நேரம் ஆவதற்கு முன்பே டப்பா போய்ச் சேர்ந்தது. காசாளர் போன் செய்து, "அக்கா, புது அடுப்பு வந்துடுச்சா?" என்றாள். "வந்துடுச்சு," என்றாள் அத்தை.

அந்த வாரமே பின்னறையை வாடகைக்குப் பேசிவிட்டாள். ஒரு அடுப்பைத் தேர்ந்தெடுக்க மாமா எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை; அத்தைக்கு இடம், ஆள், பாத்திரம் எல்லாம் அமைந்துவிட்டன. கண் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்சுகளும் சாப்பாடு கேட்டார்கள். தையல்காரி தன் இயந்திரத்தை மூடிவிட்டுக் காய் நறுக்க வந்து உட்கார்ந்தாள். மருமகள் மதியம் அலுவலகத்திலிருந்து நேராக அங்கே போய், துணிப் பொதிமேல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மாமா அசரவில்லை. துளையைச் சின்னதாக்க ஸ்டீல் சட்டம் ஒன்று வைக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். ஒட்டுப்போட்ட வேலை என்று தள்ளினார். மேடைக் கல்லையே மாற்றலாம் என்றார்கள். நல்ல துளை வீணாகும் என்றார். மிச்சம் ஒரே வழி, எல்லாப் பக்கமும் அந்தத் துளையைவிடப் பெரிய கண்ணாடி உள்ள அடுப்பு. அப்படி ஒன்றுதான் ஊரில் கிடைத்தது. ஐந்து பர்னர், தானே பற்றிக்கொள்ளும் பொறி, அலறும் கடிகாரம், குழந்தைகள் கை வைக்காமல் இருக்க ஒரு பூட்டு. குழந்தைகளே இல்லாத வீட்டுக்கு அது வந்தது. அதன் வயிற்றுக்கு இடம் பண்ணப் பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. இந்தத் தடவை கல் வெட்டுபவர் மாமாவைக் கேட்காமல் தாளைப் பார்த்து வெட்டினார். ஊரிலுள்ள எல்லா அடுப்பையும் வேண்டாம் என்றவருக்குக் கடைசியில் அந்த ஓட்டைதான் பார்த்து ஒரு அடுப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

அடுப்பு உட்கார்ந்தது. ஆடவில்லை. மாமா அதைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். அத்தை மாலையில் வந்ததும் விதிகளைச் சொன்னார். பெரிய பாத்திரம் வைக்கக் கூடாது, கண்ணாடி தாங்காது. பொங்க விடக் கூடாது, பொறி அடைத்துக்கொள்ளும். இரும்புக் கரண்டியை அதன் மேல் வைக்கவே கூடாது. துடைக்க அதற்கென்று தனித் துணி.

அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அப்ப இதுல என்னதான் பண்றது?"

"சமைக்கலாம்!"

"சமைங்க," என்றாள் அத்தை.

கோபமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் விடிந்ததும் பின்னறைக்குப் போனாள், பொழுது சாய்ந்து வந்தாள். இரவுச் சாப்பாடு கையோடு வரும். மதியம் மட்டும் வீட்டில் ஒன்றும் இல்லை. மாமா மதியத்தில் ரொட்டியும் பழமும் சாப்பிட ஆரம்பித்தார். உடம்புக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொன்னார். ஒரு முறை வெந்நீர் வைக்கப் போய், பூட்டு விழுந்துவிட்டது. திறக்கத் தெரியவில்லை. மருமகள் அலுவலகத்திலிருந்து வரும்வரை குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பின் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அடுப்பு கீச்சென்று திறந்துகொண்டது. "வடிவமைப்புல குறை," என்றார் மாமா. குரலில் பழைய தெம்பு இல்லை.

அவர் இளைத்துவிட்டதை முதலில் கவனித்தது மருமகள்தான். அத்தையும் கவனித்திருப்பாள். ஆனால், வாயைத் திறந்து கேட்டால் போடாமலா இருக்கப்போகிறேன் என்று அவள் காத்திருந்தாள். கேட்பது என்றால் வேண்டும் என்று சொல்ல வேண்டுமே. தெருவுக்கு அந்தப் பக்கம் மனைவி ஊருக்கே சோறு போட, இந்தப் பக்கம் அவர் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு அதன் முனையில் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை, அத்தை போன பிறகு, மருமகள் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமா முன்னறை வாசலில் வந்து நின்றார். கதவுச் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் சொல்லவில்லை.

"ஏம்மா, அந்த வங்கிக்காரங்களுக்குப் போற சாப்பாடு இந்தத் தெரு வழியாத்தானே போகுது?"

"ஆமா மாமா."

"அதுல ஆள் கூட்டிக் குறைக்கிறதெல்லாம் யாரு பாக்கறாங்க? அத்தையா, தையல்காரியா?"

"அத்தைதான்."

அவர் தெருப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லி இன்னொரு டப்பா சேத்துக்கச் சொல்லேன். பணம் மாசாமாசம் சரியா வந்துடும்னு சொல்லு. யாருக்குன்னு மட்டும் சொல்லிடாதம்மா."